சென்னையைக் கட்டியவர்கள் – 6: நம்பெருமாள் செட்டியும் அவர் பெயரை மீட்டவர்களும்

சென்னை உயர் நீதிமன்றம் இன்றைய சிவப்புக் கட்டடத்துக்குக் குடிவந்தது 1892 ஜூலை 12 அன்று. ஆளுநர் வென்லாக் பிரபு திறவுகோலைத் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸிடம் ஒப்படைத்தார். 1862இல் தொடங்கிய அந்த நீதிமன்றம் அதுவரை கடற்கரைச் சாலையில் இருந்த பழைய கட்டடத்தில் இயங்கிவந்தது. புதிய கட்டடத்துக்கு முதலில் வரைபடம் போட்டவர் ஜே. டபிள்யூ. பிராசிங்டன். அதைத் திருத்தி வளர்த்தவர் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞரான ஹென்றி இர்வின். அவருக்குத் துணைநின்றவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். இந்த மூன்று பெயர்களும் நகரைப் பற்றிய பழைய கையேடுகளில் தவறாமல் வரும். வரைபடத்தைக் கையில் வாங்கி, செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, ஆள் திரட்டி, கோபுரமும் குவிமாடமுமாக அதை நிறுத்திக் காட்டியவர் நான்காமவர். அவர் பெயர் நம்பெருமாள் செட்டி.

1856இல் பிறந்த அவருக்கு உயர் நீதிமன்ற வேலை தொடங்கியபோது வயது 32 அளவில்தான் இருக்கும். அதே நேரத்தில் பூங்கா நகரில் விக்டோரியா பொது மண்டபத்தின் வேலையையும் அவர் ஏற்றிருந்தார். 1888இல் தொடங்கிய மண்டபம் 1890இல் முடிந்தது. அதற்கு வரைபடம் தந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். ஆக, முப்பதைச் சற்றே தாண்டிய ஓர் ஒப்பந்தக்காரர், நகரின் இரு பெருங்கட்டடங்களை இருவேறு வரைபடக்காரர்களின் கற்பனைப்படி ஒரே காலத்தில் எழுப்பிக்கொண்டிருந்தார். அந்நாளின் சென்னையில் இது எவ்வளவு பெரிய துணிவு என்பதை உணர, அப்போது ஒப்பந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்த காலத்தை ஒட்டி, அரசுக் கட்டடப் பணிகள் பொதுப்பணித் துறையின் கைக்கு வந்தன. துறையின் பொறியாளர்கள் மதிப்பீடு தயாரிப்பார்கள், ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள், வேலை நடக்க நடக்க அளந்து பதிவு செய்வார்கள். அந்தப் பதிவேட்டைத்தான் இன்றும் காண்ட்ராக்டர்கள் ‘எம் புக்’ என்கிறார்கள். அளவு பதிவாகி, மேலதிகாரி சரிபார்த்து, பட்டியல் தேறிய பிறகே பணம் வரும். அதுவரை செங்கல் சூளைக்கும் மாட்டு வண்டிக்கும் வாரக் கூலிக்கும் ஒப்பந்தக்காரர்தான் கைப்பணம் போட வேண்டும். எனவே இந்தத் தொழிலுக்குத் தனி ஒருவரின் திறமை மட்டும் போதாது. பின்னால் ஒரு குடும்பம் நிற்க வேண்டும். சூளையில் ஒருவர், மர வாடியில் ஒருவர், கணக்கில் ஒருவர், வேலைத்தளத்தில் ஒருவர் என்று அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும் மருமகன்களும் பிரிந்து நின்றால்தான் பெரிய வேலையை ஏற்க முடியும். வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத காலத்தில், கடன் தருபவரும் வேலை தருபவரும் பார்த்தது குடும்பத்தின் நாணயத்தைத்தான்.

வேலைத்தளத்தில் வேறொரு வரிசை இருந்தது. ஒப்பந்தக்காரருக்குக் கீழே மேஸ்திரிகள். அவர்களுக்குக் கீழே கொத்தனார், தச்சர், கல்தச்சர். அவர்களுக்குக் கை கொடுக்கச் சித்தாள்கள். வரைபடத்தில் இர்வின் கோடு போட்டுக் காட்டிய குமிழ்க் குவிமாடத்தை, கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு செங்கல் செங்கலாகத் திருப்பி மேலேற்றியவர்கள் இவர்கள். இந்தோ–சாரசெனிக் பாணி என்று புத்தகங்கள் பேசும் அந்த வளைவு நெளிவுகளில் பாதி, கொத்தனாரின் கைப்பழக்கத்தில் பிறந்தவை. தனித்தனி ஆளாக அவர்களுடைய பெயர்கள் எந்த ஆவணத்திலும் ஏறியதில்லை. ஒப்பந்தக்காரரின் பெயர் தெரிய வந்தால்தான் அவர்களும் ஒரு கூட்டமாகவாவது கண்ணுக்குப் படுகிறார்கள். அந்தப் பெயருக்குள்ள முதன்மை இதுதான்.

அவர்கள் கையாண்ட பொருள்கள் இன்றைய கட்டடத் தொழிலிலிருந்து வெகுதூரம் விலகியவை. சிமென்ட் அப்போது பரவலான புழக்கத்தில் இல்லை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுக் கிடைத்த சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்து, வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் உருளையால் அரைத்துச் சாந்து எடுத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது வழக்கம். உட்சுவருக்கு மேற்பூச்சு தனிக் கலை. மைபோல் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் கூடச் சேரும். பூசி, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தால் சுவர் சலவைக்கல்லைப் போல மின்னும். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்ற பெயரில் இந்தப் பூச்சு ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

கூரைக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’. தேக்கு உத்தரங்களின் மேல் நெருக்கமாகச் சட்டங்களை அடுக்கி, ஒரே அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அந்தத் தளம் இறுகும்வரை பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடியின் தாளம் பிசகாமலிருக்கப் பாட்டு உண்டு. சுண்ணாம்பு இடிக்கும் பாடல்கள் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் தொகுத்திருப்பவற்றின் பிறப்பிடம் இத்தகைய வேலைத்தளங்கள்தான். தளத்துக்கு மேல் தட்டோடு பதித்து முடித்தால், வெயிலில் வீடு குளிர்ந்திருக்கும், மழை இறங்காது. சிமென்ட் தளம் பழகிப்போன கண்ணுக்கு வியப்பாகத் தோன்றினாலும், நூறாண்டு கடந்த இத்தகைய கூரைகள் சென்னையில் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இந்தத் தொழில்முறையில்தான் நம்பெருமாள் செட்டியின் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எழும்பூரில் கன்னிமாரா நூலகம். 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலையில் (இன்றைய ராஜாஜி சாலை), பிற்காலத்தில் பாரத ஸ்டேட் வங்கியின் வசமான மெட்ராஸ் வங்கிக் கட்டடம், 1897. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டக் கல்லூரி, 1899. இவற்றுக்கெல்லாம் பிறகு, நூலகத்துக்கு அடுத்தாற்போல் விக்டோரியா நினைவு மண்டபம். அதற்கு 1906 ஜனவரியில் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். 1909இல் திறக்கப்பட்டு, பிற்காலத்தில் தேசியக் கலைக்கூடம் என்று பெயர் பெற்றது. சத்தியவேட்டிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மணற்கல் போர்த்திய அந்த முகப்பு, செங்கல் வேலையில் தேர்ந்த ஒரு நிறுவனம் கல்வேலையிலும் கை தேர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. சென்னையில் இர்வின் பெயர் சொல்லும் கட்டடங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், உயர் நீதிமன்றத்தின் பிரம்மாண்டத்தைவிட இந்தச் சிறிய மண்டபத்தின் நேர்த்தியைச் சொல்வதே பொருத்தம்.

கட்டடங்களின் உறுதிக்கும் சாட்சி உண்டு. உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது; மெரினாவில் புதிய விளக்கம் வரும்வரை, 1977 வரை, கப்பல்களுக்கு வழிகாட்டியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல் பலகை சுற்றுச்சுவரில் இருக்கிறது. கட்டடத்துக்குப் பெருஞ்சேதம் இல்லை.

விக்டோரியா மண்டபத்தின் கதை வேறு வகை. அது அரசுக் கட்டடமாக இல்லாமல் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து எழுப்பிய பொது மண்டபம். அங்கே பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. 1897 பிப்ரவரியில், மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தன் செயல்திட்டத்தை விளக்கிய சொற்பொழிவு நடந்ததும் அங்கேதான். தமிழ் நாடக வரலாறும் பொதுமேடைப் பேச்சின் வரலாறும் அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தன என்று சொல்வது மிகையாகாது.

நம்பெருமாள் செட்டி சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி சேத்துப்பட்டில் நிலமாகவும் வீடுகளாகவும் நின்றது. அந்த வீடுகளில் ஒன்றால்தான் அவர் பெயர் கணித வரலாற்றிலும் இடம்பெற்றது. 1919இல் நோயோடு இங்கிலாந்திலிருந்து திரும்பிய சீனிவாச ராமானுஜன், கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிய பிறகு, 1920 தொடக்கத்தில் மருத்துவத்துக்காகச் சென்னைக்கு அழைத்துவரப்பட்டார். அவர் தங்குவதற்கு ‘கிரைனன்ட்’ என்ற தம் வீட்டைக் கொடுத்து உதவியவர் நம்பெருமாள் செட்டி. ‘கிரை’ என்ற ஒலி ஆங்கிலத்தில் அழுகையைக் குறிப்பதால் அந்தப் பெயர் ராமானுஜனுக்கு அபசகுனமாகப் பட்டதென்றும், அதனால் அருகிலிருந்த ‘கொமெட்ரா’ என்ற வீட்டுக்கு மாற்றப்பட்டார் என்றும் சொல்வதுண்டு. அந்த வீட்டில்தான் 1920 ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார். அவ்வாண்டு ஜனவரியில்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றிய புகழ்பெற்ற கடிதத்தை எழுதியிருந்தார். கடைசி நாள்வரை அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாக அவர் மனைவி ஜானகி அம்மாள் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நிழல் தந்தவை ஒரு கட்டடக்காரரின் வீடுகள்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1925இல் நம்பெருமாள் செட்டி மறைந்தார்.

அவர் தனி ஒருவர் அல்லர். அதே காலத்தில் சென்னையின் பெருவேலைகளை ஏற்ற இந்திய ஒப்பந்தக்காரர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். எழும்பூர் ரயில் நிலையத்தை எழுப்பியவர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாதப் பிள்ளை. நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். 1909இல் மின்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913இல் வேலை முடிந்தது. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டைக் கட்டியவர் சுப்பிரமணிய ஐயர். 1985 மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்துபோனது. சென்னைவாசிகள் அந்தச் சந்தையை இன்னும் நினைக்கிறார்கள். கட்டியவரை நினைப்பவர் அரிது.

இந்தத் தலைமுறை ஒப்பந்தக் குடும்பங்களின் தொழில் மாறிப்போனதற்குக் காரணம் அவர்கள் காலத்திலேயே முளைத்திருந்தது. இந்தியாவில் முதன்முதலாகச் சிமென்ட் செய்துபார்த்த ஊர் சென்னைதான். 1904இல் இங்கே ஓர் ஆலை கடற்கிளிஞ்சலைக் கொண்டு சிமென்ட் தயாரித்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை; ஆனால் சில ஆண்டுகளில் குஜராத்தின் போர்பந்தரில் ஆலை வந்தது; கம்பி கட்டிய கான்கிரீட் பரவியது. சுண்ணாம்புச் சூளை, சாந்து அரைக்கும் பள்ளம், மர வாடி என்று குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த முதலீடுகள் மதிப்பிழந்தன. கொத்தனாரின் கை அறிவு இருந்த இடத்தைப் பொறியாளரின் கணக்கு பிடித்தது. பங்கு முதலில் இயங்கும் கம்பெனிகள் பெரிய வேலைகளுக்குள் வந்தன. பழைய குடும்பங்கள் பலவற்றில் அடுத்த தலைமுறை நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியது, அல்லது வேறு தொழிலுக்குப் போனது.

அவர்கள் பெயர் எழுத்திலும் நிற்காமல் போனதற்கு வேறு காரணம். சென்னையின் வரலாற்றுக்கு மூலநூலாகப் பல தலைமுறைகளுக்கு இருந்தது எச். டி. லவ் தொகுத்து 1913இல் வெளிவந்த பழைய மெட்ராஸின் ஆவணத் தொகுப்பு. அது 1640 முதல் 1800 வரை மட்டுமே பேசுகிறது. நகரின் முந்நூறாவது ஆண்டையொட்டி 1939இல் நினைவு மலர் வந்தது. அதே ஆண்டில் சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி நகர வரலாற்றையும் எழுதினார். கோட்டை, கம்பெனி, ஆளுநர்கள், பேட்டைகள் என்று போகும் அந்த வரலாறுகளில் செங்கல் சூளைக்காரருக்கு இடமில்லை. அரசு ஆவணங்களிலோ ஒப்பந்தக்காரர் ஒரு செலவினத் தலைப்பு மட்டுமே.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைவிட ஊர் வரலாற்றில் பற்றுக்கொண்ட எழுத்தாளர்களும் நண்பர் குழுக்களும்தான். அவர்களில் முதன்மையானவர் எஸ். முத்தையா. 1930இல் செட்டிநாட்டில் பிறந்து, இலங்கையில் பத்திரிகையாளராக இருந்து, 1968இல் சென்னைக்கு வந்து வரைபட அச்சுத் தொழிலில் சேர்ந்தவர் அவர். சென்னையைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1981இல் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பெருத்துக்கொண்டே போனது. 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற மாதமிருமுறை இதழைத் தொடங்கினார். நகரின் மரபுச் சின்னங்களைப் பற்றிய செய்தி, கண்டனம், நினைவுக் குறிப்பு, பழைய படம் எல்லாம் கலந்த அந்த இதழைச் சென்னை மரபுக்கான ஓர் அறக்கட்டளை, தொழில் நிறுவனங்களின் ஆதரவோடு நடத்திவந்தது. 1999 முதல் ‘தி இந்து’ நாளிதழில் வாரம்தோறும் அவர் எழுதிய பத்தி, 2019இல் அவர் மறையும்வரை நின்றதில்லை.

முத்தையாவின் வேலைமுறை ஊர் வரலாற்றாளர்கள் எல்லோரும் கற்க வேண்டியது. பத்தியின் இறுதியில் வாசகர் கடிதங்களுக்கென்று ஒரு பகுதி வைத்திருந்தார். தபால்காரர் கதவைத் தட்டியபோது என்று அதற்குப் பெயர். ஒரு வாரம் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுவார். அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவரின் பேரனோ, அந்தத் தெருவில் குடியிருந்தவரின் மகளோ கடிதம் போடுவார்கள். பிழை இருந்தால் திருத்தம் அச்சாகும். புதுச் செய்தி இருந்தால் அது வளரும். ஆவணக் காப்பகத்தில் செலவினத் தலைப்பாக மட்டும் கிடந்த ஒப்பந்தக்காரர்கள், இப்படித்தான் முகமும் முகவரியும் உள்ள மனிதர்களாகத் திரும்பி வந்தார்கள். நம்பெருமாள் செட்டியைப் பற்றி முத்தையா பலமுறை எழுதியிருக்கிறார். கட்டடத்துக்கு வரைந்தவர் பெயரைச் சொல்லும்போது கட்டியவர் பெயரையும் சேர்த்தே சொல்லும் வழக்கத்தைச் சென்னை பற்றிய எழுத்தில் நிலைநாட்டியவர் அவர்தான்.

பாரி, ஸ்பென்சர் போன்ற நிறுவனங்களின் வரலாறுகளையும் அவர் எழுதினார். வியாபாரக் குடும்பங்களின் கணக்குப் புத்தகமும் திருமண ஆல்பமும் நகர வரலாற்றுக்கு மூலம் என்பது அந்த நூல்களின் அடிப்படை. பழைய குடும்பங்களின் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் ஒப்பந்தப் பத்திரங்கள் பழைய தாள் கடைக்குப் போகாமல் தடுக்க இந்த எண்ணம் ஒன்றே போதும்.

2004இல் முத்தையாவும் பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோரும் சேர்ந்து ‘மெட்ராஸ் டே’ கொண்டாட்டத்தைத் தொடங்கினார்கள். கம்பெனிக்குக் கடற்கரைத் துண்டு நிலம் கிடைத்த 1639 ஆகஸ்ட் 22 நகரின் பிறந்தநாளாகக் கொள்ளப்பட்டது. ஒருநாள் விழா ஒரு வாரமாகி, ஆகஸ்ட் முழுவதும் பரவிவிட்டது. தலைமைக் குழு என்று எதுவும் அதற்குக் கிடையாது. பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்கம், நூலகம் என்று எவரும் தத்தம் பேட்டையைப் பற்றி ஒரு கண்காட்சியோ சொற்பொழிவோ நடையோ நடத்தலாம். மரபு நடைகளை முன்னமே தொடங்கி, வரலாற்றைத் தெருவில் நின்று சொல்லும் பழக்கத்தை வளர்த்தவர் வி. ஸ்ரீராம். முத்தையாவுக்குப் பின் மியூசிங்ஸ் இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

இந்தக் குழுக்களின் வேலை எழுத்தோடும் நடையோடும் நிற்கவில்லை. 1839இல் ஃப்ரீமேசன்களின் கூடமாக எழுந்து, காவல்துறைத் தலைமையகமாக ஆன மெரினா கடற்கரைக் கட்டடத்தை 1990களில் இடிக்க முடிவானபோது, மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போய்த் தடுத்தது. கட்டடம் பழுது பார்க்கப்பட்டு, இன்றும் அதே அலுவலகமாக இருக்கிறது. அண்ணா சாலையில் ஸ்டீபன்ஸ் வரைந்து 1897இல் எழுந்த கார்டில் கட்டடம், பிற்காலப் பெயரில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 2006இல் இடிபடத் தொடங்கியது. அப்போதும் இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை விதித்ததோடு, நகரின் மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. நம்பெருமாள் செட்டி கட்டிய கட்டடத்துக்குள்ளிருந்துதான் அந்தத் தீர்ப்பு வந்தது.

இடிக்காமல் காப்பது பாதி வேலைதான்; பழுது பார்ப்பது மறுபாதி. கட்டியவர்களின் தொழிலறிவு தேவைப்படுவது அங்கேதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு வயதைவிட இந்தப் பொருந்தாத பூச்சே அதிகக் கேடு செய்திருக்கிறது. எனவே பழுது வேலைக்கு மறுபடியும் சாந்து அரைக்கத் தெரிந்த மேஸ்திரிகளைத் தேட வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டிலும் அதையொட்டிய ஊர்களிலும் மேற்பூச்சில் தேர்ந்த குடும்பங்கள் எஞ்சியிருப்பது பேருதவி.

சட்டக் கல்லூரிக் கட்டடம் வேறொரு சோதனையைச் சந்தித்தது. மெட்ரோ ரயிலுக்காக நிலத்தடியில் சுரங்கம் தோண்டியபோது சுவர்களில் விரிசல் கண்டது. 2018இல் கல்லூரி நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம்பெயர்ந்தது. விக்டோரியா மண்டபம் நெடுங்காலம் குத்தகையில் சிக்கிச் சீரழிந்துகிடந்து, 2009இல் குத்தகை மீட்கப்பட்ட பிறகு சீரமைப்புக்கு வந்தது.

ஆகஸ்டில் மரபு நடைக்கு வருபவர்கள் உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, அடுத்திருக்கும் சட்டக் கல்லூரியைச் சுற்றி, பாரிமுனையைத் தாண்டி ராஜாஜி சாலையில் பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடத்தின் முன் முடிக்கலாம். மூன்றும் ஒரே ஒப்பந்தக்காரரின் ஏறக்குறையப் பத்தாண்டு வேலைக்குள் அடங்கியவை. ஒரு காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் நிற்கின்றன.